ஆழமான நன்னீர் ஏரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் ஆறு என்று காட்ட வழுக்கியாறு ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் மாரிக்கு மட்டும் ஓடும். ஆழமான ஏரி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் அப்படிப்பட்ட ஏரிகளைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்கள் குறைந்தபாடில்லை. பாதிப் பேர் உயர்தரத்தில் புவியியலோ உயிரியலோ படிக்கிற பிள்ளைகள், மற்றவர்கள் வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கிறவர்கள். இடையிடையே நிலாவரைக் கிணற்றைப் பார்த்துவிட்டு வந்து சந்தேகம் கேட்கிறவர்களும் உண்டு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிக் களைத்துப்போய் எல்லாவற்றையும் இங்கே போடுகிறேன். ரஷ்யாவின் பைக்கால், ஆபிரிக்காவின் தங்கனிக்கா என்ற இரண்டு ஏரிகளையும்தான் அதிகம் இழுத்திருக்கிறேன். உலகத்தில் முதலாவது, இரண்டாவது ஆழமான ஏரிகள் அவைதான், ஆனால் உள்ளே நடப்பது ஒன்றுக்கொன்று நேர்மாறு.

ஆழமான ஏரி என்றால் எத்தனை அடி இருக்க வேண்டும்?

அப்படி ஒரு சட்டம் கிடையாது. நமக்குத் தெரிந்ததில் இருந்து பார்ப்போம். இரணைமடுக் குளம் நிரம்பினால் 36 அடி, கிட்டத்தட்ட 11 மீற்றர். கண்டிப் பக்கம் விக்டோரியா அணைக்கட்டின் உயரம் 122 மீற்றர், அதற்குப் பின்னால் நிற்கிற தண்ணீரின் ஆழமும் அதற்குள்தான் அடங்கும். பைக்கால் 1,642 மீற்றர். அதன் மேற்பரப்பு கடல் மட்டத்துக்கு மேலே 456 மீற்றரில் இருக்கிறது, அப்படியென்றால் அடி கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு கிலோமீற்றரையும் தாண்டி இருக்கிறது. தங்கனிக்கா 1,470 மீற்றர், மலாவி 706, அமெரிக்காவின் கிரேட்டர் ஏரி 594.

பரப்பளவில் பெரிய நன்னீர் ஏரி வட அமெரிக்காவின் சுப்பீரியர், அதைப் பலர் பைக்காலோடு குழப்பிக்கொள்கிறார்கள். பைக்கால் பரப்பில் அவ்வளவு பெரிதில்லை. ஆனால் ஆழத்தால் அந்த வட அமெரிக்கப் பேரேரிகள் ஐந்தையும் சேர்த்தாலும் அவற்றைவிடக் கொஞ்சம் கூடத் தண்ணீர் இதற்குள் நிற்கிறது. நிலத்துக்கு மேலே உறையாமல் கிடக்கிற உலக நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒரு ஏரிக்குள்ளே.

இவ்வளவு ஆழமாக யார் தோண்டினது?

நிலம்தான். பைக்காலும் தங்கனிக்காவும் மலாவியும் பிளவுப் பள்ளத்தாக்கு ஏரிகள். புவியின் மேலோடு இரண்டு பக்கமும் விலகிப் போக நடுவில் உள்ள நிலம் இறங்கும், இறங்கின இடத்தில் தண்ணீர் நிற்கும். பைக்காலில் இந்த விலகல் இன்னும் நடக்கிறது, ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர். 1862 தை மாதத்தில் வந்த நிலநடுக்கத்தில் செலெங்கா ஆற்று முகத்தில் ஒரு பெரிய புல்வெளி அப்படியே தாழ்ந்து ஏரிக்குள் போய்விட்டது, இன்றைக்கு அது புரோவால் குடா.

பொதுவாக ஏரிகளுக்கு ஆயுள் குறைவு. ஆறுகள் கொண்டுவருகிற வண்டலால் சில பத்தாயிரம் ஆண்டுகளில் தூர்ந்துபோகும். பைக்காலுக்கு வயது 250 இலட்சம் ஆண்டுக்கு மேல். அதன் அடியிலும் வண்டல் சேராமல் இல்லை, சில இடங்களில் 7 கிலோமீற்றர் தடிப்புக்குச் சேர்ந்திருக்கிறது. சேரச் சேர நிலமும் இறங்கிக்கொண்டே இருப்பதால்தான் தூரவில்லை. வயதை இங்கே சும்மா சொல்லவில்லை. அங்கே மட்டும் வாழ்கிற உயிர்கள் ஏன் இத்தனை என்று பிறகு ஒரு கேள்வி வரும், அதற்குப் பாதிப் பதில் இதுதான்.

சைபீரியக் குளிரில் பைக்கால் அடிவரை உறைந்துபோகாதா?

உறையாது. தண்ணீருக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு: குளிரக் குளிரப் பாரம் கூடிக்கொண்டு வந்து ஏறத்தாழ 4 பாகை செல்சியஸில் ஆகப் பாரமாகும், அதற்குக் கீழே இன்னும் குளிர்ந்தால் திரும்ப இலேசாகிவிடும். அதனால் மேல் தண்ணீர் 4 பாகைக்கு வரும்வரை கீழே இறங்கிக்கொண்டே இருக்கும், அதைவிடக் குளிர்ந்த தண்ணீர் மேலேயே நின்று உறையும். ஐஸ் மேலே மிதந்து போர்வையாகக் கிடக்க, கீழே உள்ள தண்ணீர் உறையாமல் தப்பிவிடும். கேணிக்குள் குதித்தவர்களுக்கு மேலே வெதுவெதுப்பாகவும் கால் பக்கம் குளிராகவும் இருப்பது தெரிந்திருக்கும், அது இதே கணக்கின் மறுபக்கம், வெயில் பட்ட தண்ணீர் இலேசாகி மேலே நிற்கிறது.

பைக்காலில் ஐஸ் தை மாதம் தொடங்கி வைகாசி வரை நிற்கும், தடிப்பு ஒரு மீற்றர் அளவு, சில இடங்களில் அதற்கும் மேல். வாகனங்கள் ஓடும். ரஷ்ய-ஜப்பானியப் போர் நடந்த 1904 இல் ஐஸுக்கு மேலே தண்டவாளம் போட்டுப் பெட்டிகளை அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். இவ்வளவும் மேலே நடக்கும்போது, ஆழத்தில் மாரி கோடை எல்லாக் காலத்திலும் 3 பாகைக்குக் கொஞ்சம் கூட என்ற அளவிலேயே தண்ணீர் நிற்கும். கோடையில் நடு ஏரியின் மேற்பரப்பு நன்றாகச் சூடானாலும் 15 பாகை தொடுவதே பெரிய காரியம். நம் ஆட்கள் குளிக்கிற இடம் இல்லை.

அந்த ஆழத்துக்கு ஒட்சிசன் எப்படிப் போகும்? அடியில் உயிர் இருக்குமா?

நேரமில்லை, ஒரு பதிலை மட்டும்தான் வாசிக்க முடியும் என்றால் இதை வாசியுங்கள். அடியில் மீன் இருக்குமா என்று கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் ஆழத்தைத்தான் கேட்பார்கள். நான் முதலில் கேட்பது, மேல் தண்ணீர் எப்போதாவது அடிக்கு இறங்குகிறதா என்று.

ஏரித் தண்ணீருக்குள் ஒட்சிசன் வர இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, மேற்பரப்பில் காற்றிலிருந்து கரைவது, மற்றது, வெளிச்சம் படுகிற அடுக்கில் பாசிகள் விடுவது. இரண்டும் மேலே நடக்கிற வேலை. கீழே செலவு மட்டும்தான்: செத்த பாசி, செத்த மீன், கழிவு என்று எல்லாம் இறங்கி வரும், பற்றீரியாக்கள் அதை உக்கச் செய்யும்போது அங்கே இருக்கிற ஒட்சிசனைத் தின்று முடிக்கும். மேலிருந்து புதுத் தண்ணீர் வராவிட்டால் ஒரு நாள் கையிருப்பு தீர்ந்துபோகும், அதற்குப் பிறகு அந்த இடத்தில் மீனும் இல்லை, நத்தையும் இல்லை.

பைக்காலில் புதுத் தண்ணீர் அடிவரை போகிறது. அது எப்படி என்பது கொஞ்சம் நுட்பமான விசயம், புத்தகத்தில் வழக்கமாக விட்டுவிடுவார்கள். மேலே 4 பாகை என்று சொன்னேன் அல்லவா, அது மேற்பரப்புக்கு மட்டும் பொருந்துகிற கணக்கு. ஆழத்தில் அமுக்கம் கூடக் கூட, தண்ணீர் ஆகப் பாரமாகிற வெப்பநிலையும் 4 இல் இருந்து குறைந்துகொண்டு போகும். ஐஸ் கட்டுவதற்கு முன்பும் ஐஸ் உருகின பிறகும் பெருங்காற்று அடித்துக் கரையோரமாக 3 பாகைத் தண்ணீரைச் சில நூறு மீற்றர் கீழே தள்ளிவிட்டால், அந்த ஆழத்தில் சுற்றியுள்ள தண்ணீரைவிட அது பாரமாகிவிடும். பிறகு யாரும் தள்ள வேண்டாம், தானாகவே அடிவரை இறங்கும், ஒட்சிசனையும் கொண்டு இறங்கும். ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாக இது நடப்பதால் 1,600 மீற்றரிலும் புழு, இறால் இனம், மீன் எல்லாம் இருக்கின்றன.

தங்கனிக்காவில் இது நடக்காது. நடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால் மேலே 25, 26 பாகை, அடியில் 23 பாகைக்குக் கொஞ்சம் கூட. பார்க்கச் சின்ன வித்தியாசம், ஆனால் சூடான தண்ணீரில் இந்த இரண்டு மூன்று பாகையே அடர்த்தியில் பெரிய இடைவெளியை உண்டாக்கிவிடும், காற்று எவ்வளவு அடித்தாலும் மேலடுக்கும் கீழடுக்கும் முழுதாகக் கலக்காது. வடக்கில் 100 மீற்றர் அளவிலும் தெற்கில் 200 மீற்றர் அளவிலும் ஒட்சிசன் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே ஒரு கிலோமீற்றருக்கு மேல் தண்ணீர் கிடக்கிறது, முழுக்க ஐதரசன் சல்பைட்டு, கூழ்முட்டை நாற்றம், ஒட்சிசன் இல்லாமல் வாழத் தெரிந்த பற்றீரியாக்களைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை.

அமுக்கத்தில் மீன்கள் நசுங்காதா?

10 மீற்றருக்கு ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். பைக்காலின் அடியில் 160 மடங்குக்கு மேல் வரும், ஒரு சதுர சென்ரிமீற்றரில் 160 கிலோவுக்கு மேற்பட்ட பாரம். ஆனால் நசுங்குவது காற்று உள்ள இடம்தான். தண்ணீரால் ஆன உடம்பு வெளியே உள்ள அதே அமுக்கத்தில் உள்ளேயும் இருப்பதால் ஒன்றும் ஆகாது. காற்றுப்பை வைத்திருக்கிற மீனுக்குத்தான் ஏறி இறங்குவது சிக்கல், ஆழத்து மீன் பல அந்தப் பையையே கைவிட்டுவிட்டன.

பைக்கால் தண்ணீர் அவ்வளவு தெளிவு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, கண்ணுக்கு மறைகிற ஆழத்தை அளப்பார்கள். ஐஸ் உருகின கையோடு பைக்காலில் அது 40 மீற்றர் வரை தெரியும். கோடையில் பாசி பெருகினால் குறைந்துவிடும்.

தெளிவுக்குக் காரணம் தண்ணீரில் உப்புக்களும் போசணையும் குறைவு என்பது ஒரு பாதி. மறு பாதி எபிசூரா என்ற ஒன்றரை மில்லிமீற்றர் உயிரி. கூனி இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், அதைவிட எத்தனையோ மடங்கு சின்னது, பைக்காலின் விலங்கு மிதவை உயிர்களில் பெரும்பங்கு இதுதான். இது நாள் முழுக்கத் தண்ணீரை வடித்துப் பாசியையும் பற்றீரியாவையும் தின்னும். இதை ஓமுல் மீன் தின்னும். அந்த ஓமுலை மனிதர் புகை போட்டுச் சந்தையில் விற்பார்கள்.

தெளிவென்றாலும் வெளிச்சத்துக்கு எல்லை உண்டு. சிவப்பு நிறம் முதல் சில மீற்றருக்குள் உறிஞ்சப்பட்டுவிடும், பச்சையும் நீலமும் இன்னும் கொஞ்சம் இறங்கும், சில நூறு மீற்றருக்குக் கீழே இருட்டுத்தான். ஒரு வேடிக்கை, பைக்காலின் ஐஸ் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் பங்குனி, சித்திரையில் ஐஸுக்குக் கீழேயே வெயில் போய்ப் பாசி செழித்து வளரும். மற்ற ஏரிகள் தூங்குகிற காலத்தில் இந்த ஏரி சாப்பாடு தயாரிக்கிறது.

அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன?

முதலில் கோலோமியங்கா, என் விருப்பத்துக்குரியது. இரண்டு இனம் உண்டு, பெரியது 20 சென்ரிமீற்றர் அளவு வரும். செதில் இல்லை, காற்றுப்பை இல்லை, உடம்பு பாதி ஒளி ஊடுபுகும், வெளிச்சத்தில் பிடித்தால் முள்ளந்தண்டு தெரியும். காற்றுப்பைக்குப் பதிலாகக் கொழுப்பால் மிதக்கிறது, பெரிய இனத்தின் உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய்தான். காற்று இல்லாததால் அமுக்கம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, பகலில் ஆழத்தில் கிடந்து இரவில் சாப்பிட மேலே வரும். முட்டையிடாது, குஞ்சாகவே போடும், ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில். கூட்டமாக ஓடாத மீன் என்பதால் வலை போட்டு அள்ளவும் முடியாது. ஏரியில் உள்ள எல்லா மீனையும் நிறுத்தால் இதுதான் அதிகம் வரும், ஆனால் சந்தையில் பார்க்க முடியாது.

அதைத் தின்றே வாழ்வது நெர்ப்பா, நன்னீரில் மட்டும் வாழ்கிற ஒரேயொரு சீல் இனம். உருண்டையாக, பெரிய கண்ணோடு, படத்தில் பார்த்தால் சிரிப்பு வரும். மாரியில் ஐஸுக்குக் கீழே நீந்திக்கொண்டு, மூச்சு விட நகத்தால் ஓட்டைகளைத் திறந்து வைத்திருக்கும். குட்டி போடுவது ஐஸுக்கு மேலே, மாசி, பங்குனிக் காலத்தில்.

அடுத்தது ஆம்பிபொட் என்ற வளைந்த இறால் போன்ற உயிரிகள். பைக்காலில் மட்டும் முந்நூறு இனத்துக்கு மேல், பெரும்பாலானவை வேறு எங்கும் இல்லாதவை. கரைக் கற்களுக்கு அடியில் ஒரு கூட்டம், 1,600 மீற்றர் இருட்டில் இன்னொரு கூட்டம், தண்ணீரின் நடுவில் நீந்திக்கொண்டே வாழ்கிற ஓர் இனம் என்று எல்லா இடத்தையும் பிடித்துவிட்டன. செத்தது எது விழுந்தாலும் இவை மொய்த்து எலும்பு மட்டும் மிச்சம் வைக்கும். ஏரிக்கு நகரசபை இவர்கள்தான்.

கரையோரக் கற்களில் பச்சை நிறக் கடற்பஞ்சு வளரும். நன்னீரில் வளர்வதற்குக் கடற்பஞ்சு என்று சொல்வது பொருத்தமில்லைதான், ஆனால் பொருள் அதுவே. கிளை கிளையாக ஒரு மீற்றர் உயரம் வரை போகும், உடம்புக்குள் பாசியை வைத்திருப்பதால் அந்தப் பச்சை.

வடக்கே புரோலிகா குடாவில் ஏறத்தாழ 400 மீற்றர் ஆழத்தில் வெந்நீர் ஊற்று இருப்பதை 1990 இல் கண்டார்கள். அங்கே வெயிலை நம்பாமல், பூமிக்குள் இருந்து வருகிற மெதேனை உண்கிற பற்றீரியாக்கள் பாய் விரித்ததுபோல் படர்ந்திருக்க, அவற்றை நம்பி மற்ற உயிர்கள் வாழ்கின்றன.

கடலில் இருந்து இவ்வளவு தூரத்தில் சீல் எப்படி வந்தது?

ஆர்க்டிக் சீல்களுக்குச் சொந்தம் என்பது மரபணுவில் தெளிவு. பனியுகக் காலங்களில் ஆறுகள் வழியாகவோ ஐஸால் தேங்கின பெரிய நீர்நிலைகள் வழியாகவோ ஏறி வந்திருக்க வேண்டும் என்பதுதான் பொதுவாக ஏற்றுக்கொள்கிற விளக்கம்.

தங்கனிக்காவின் அடி செத்த தண்ணீர் என்றால், அங்கே ஏன் இவ்வளவு மீன்?

மேலே உள்ள 100, 200 மீற்றரிலேயே எல்லாம் நடக்கிறது. ஏரியின் நீளம் 670 கிலோமீற்றர் அளவு, கரை முழுக்கப் பாறை, மணல், சேறு என்று மாறி மாறி வரும். பாறையில் வாழ்கிற மீன் மணலைத் தாண்டிப் போகாது, அதனால் ஒவ்வொரு பாறைத் துண்டும் ஒரு தீவு போல ஆகி, பல இலட்சம் ஆண்டுகளில் ஒவ்வொன்றிலும் வேறு வேறு இனம் உருவாகிவிட்டது. சிக்லிட் என்ற மீன் குடும்பத்தில் மட்டும் 200க்கு மேற்பட்ட இனங்கள், ஏறத்தாழ எல்லாமே அங்கே மட்டும். வன்னிக் குளங்களில் பிடிக்கிற திலாப்பியா, நம் ஆட்கள் ஜப்பான் என்பார்களே, அதுவும் இதே குடும்பம்தான், 1950களில் ஆபிரிக்காவில் இருந்து இலங்கைக்கு வந்தது.

இந்தச் சிக்லிட்டுகளின் சேட்டை சொல்லி மாளாது. சில இனங்கள் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்தே வளர்க்கும். சில வெறும் நத்தைக் கோதுக்குள் குடித்தனம் நடத்தும். ஒரு கூட்டம் மற்ற மீன்களின் செதிலைப் பிய்த்துத் தின்றே வாழ்கிறது, அதன் வாய் ஒரு பக்கம் கோணி இருக்கும், சிலதுக்கு இடப்பக்கம், சிலதுக்கு வலப்பக்கம். இடக்கோணல் மீன் அதிகமானால் மற்ற மீன்கள் அந்தப் பக்கம் விழிப்பாகிவிடும், உடனே வலக்கோணலுக்கு நல்ல காலம், அது பெருகினால் திரும்ப மாறும். இப்படி இரண்டும் பாதிக்குப் பாதி என்ற அளவைச் சுற்றியே ஆடிக்கொண்டிருக்கும் என்று 1993 இல் ஒரு ஜப்பானிய ஆய்வாளர் அளந்து காட்டினார்.

அங்குள்ளவர்கள் வயிற்றுக்கு நம்பியிருப்பது சிக்லிட்டை அல்ல, நடு ஏரியில் கூட்டமாக ஓடுகிற சூடை இனத்து இரண்டு சின்ன மீன்களை. நிலவில்லாத இரவுகளில் விளக்கைக் காட்டி மேலே வரவைத்து வலையால் அள்ளுவார்கள். நம் கடலில் வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பதற்கு எவ்வளவு சண்டை என்பது தெரிந்தவர்களுக்கு இது புதினமாக இருக்கும், அங்கே அதுதான் வழக்கமான தொழில். பிடித்ததை வெயிலில் காயப்போட்டுக் கருவாடாக உள்நாட்டுக்கு அனுப்புவார்கள், அதில் மட்டும் நாமும் அவர்களும் ஒன்று.

முதலை இருக்குமா?

தங்கனிக்காவில் உண்டு, தண்ணீரில் மீன் பிடித்து வாழ்கிற ஒரு நாகமும் உண்டு. பைக்காலில் இரண்டும் இல்லை, அங்கே குளிர்தான் ஆளைக் கொல்லும்.

நிலாவரைக் கிணறும் இப்படிப்பட்ட ஆழமான ஏரிதானா? அதற்கு அடியே இல்லை என்கிறார்களே?

அடி இருக்கிறது, சுழியோடிகள் இறங்கிப் பார்த்திருக்கிறார்கள். இராமன் அம்பு குத்தின இடம் என்பதும், அதற்குள் தேசிக்காய் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பதும் கேட்க நல்ல கதைகள், எங்கள் அப்பாச்சி சொன்னதை நானும் பிள்ளைகளுக்குச் சொல்வேன். ஆனால் அது ஏரி இல்லை. வலிகாமம் முழுக்கச் சுண்ணாம்புக்கல், மழைத் தண்ணீர் அதைக் கரைத்துக் கரைத்து நிலத்துக்குக் கீழே குகையும் குழாயுமாக ஆக்கிவிட்டது. அப்படி ஒரு குகையின் கூரை இடிந்து விழுந்து திறந்த வாய்தான் நிலாவரை. புத்தூருக்குக் கிட்ட நவக்கிரியில் ஒரு கதவைத் திறந்து நிலத்தடி நீரை எட்டிப் பார்க்கிற மாதிரி.

இந்தப் பக்கத்தின் விசயத்தோடு அது சேர்கிற இடம் வேறு. நிலாவரையில் மேலே நல்ல தண்ணி, கீழே போகப் போக உப்பு. குடாநாட்டின் நிலத்தடி முழுக்க இதே கதை: மழையால் வந்த நன்னீர், கடலில் இருந்து ஊடுருவின உப்பு நீருக்கு மேலே வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது. உப்பு நீர் பாரம், அதனால் கலக்காது. கணக்குப் பார்த்தால் கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணி ஒரு மீற்றர் நின்றால் கீழே 40 மீற்றர் அளவுக்கு அது உப்பைத் தள்ளி வைத்திருக்கும். அதையே மறுபக்கம் வாசித்தால், மேலே ஒரு மீற்றரை மோட்டர் போட்டு இறைத்து முடித்தால் கீழிருந்து உப்பு அதே 40 மடங்கு ஏறி வரப் பார்க்கும். சவராகிப்போன கிணறுகளைக் கரையோரக் கிராமங்களில் கேட்டுப் பாருங்கள்.

தங்கனிக்காவில் வெப்பம் செய்கிற வேலையை நிலாவரையில் உப்பு செய்கிறது, அவ்வளவுதான். எது செய்தாலும் பாரமான அடுக்கு கீழே மாட்டிக்கொண்டு மேலே வராது.

அப்படி மாட்டிக்கொண்ட தண்ணீரால் ஆபத்து உண்டா?

சில இடங்களில் பயங்கரமான ஆபத்து. கமரூன் நாட்டில் நியோஸ் என்ற எரிமலைவாய் ஏரி, 200 மீற்றர் ஆழம் அளவு. அடியில் இருந்து கசிகிற காபனீரொட்சைட்டு மேலே வர வழியில்லாமல் அமுக்கத்தில் கரைந்து ஆண்டுக்கணக்காகச் சேர்ந்துகொண்டே இருந்தது. 1986 ஆவணி 21 இரவு அது ஒரேயடியாக வெடித்துக் கிளம்பியது. அந்த வாயு காற்றைவிடப் பாரம், பள்ளத்தாக்கு வழியாக ஊர்களுக்குள் படர்ந்து 1,700க்கு மேற்பட்ட ஆட்களையும் ஆயிரக்கணக்கான ஆடுமாடுகளையும் மூச்சடைக்க வைத்துக் கொன்றுவிட்டது. ஊர்களில் வீடுகளுக்குச் சேதமில்லை. 2001 இல் ஏரிக்குள் குழாய் இறக்கி வாயுவை மெல்ல மெல்ல வெளியே விடத் தொடங்கினார்கள்.

ருவாண்டாவும் கொங்கோவும் பங்குபோடுகிற கிவு ஏரியில் காபனீரொட்சைட்டோடு மெதேனும் சேர்ந்து கிடக்கிறது, அளவில் நியோஸ் ஏரியை விட எத்தனையோ மடங்கு. கரையில் இலட்சக்கணக்கானவர்கள் வாழ்கிறார்கள். ருவாண்டா அந்த மெதேனை எடுத்து மின்சாரம் செய்கிறது, ஆபத்தும் கொஞ்சம் குறையும் என்ற நம்பிக்கையோடு. பைக்காலிலும் தங்கனிக்காவிலும் நியோஸ் மாதிரி நடக்கும் என்று யாராவது வீடியோ போட்டால் அப்படியே தாண்டிப் போங்கள்.

உலகம் சூடாகுவதால் இந்த ஏரிகளுக்கு என்ன ஆகும்?

மேலே உள்ள அடுக்கு இன்னும் சூடாகி இலேசாகிறது, அதனால் இன்னும் குறைவாகக் கலக்கிறது. தங்கனிக்காவில் வைகாசி முதல் புரட்டாதி வரை அடிக்கிற தென்கிழக்குக் காற்று மேல் தண்ணீரை வடக்கே தள்ள, தெற்கில் கீழ்த் தண்ணீர் கொஞ்சம் மேலே வரும், அதோடு வருகிற போசணையால்தான் பாசியும் அந்தச் சூடையும் வளர்கின்றன. கலப்பது குறைந்தால் மீனும் குறையும். பாசி உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைந்துவிட்டது என்று 2003 இலேயே நேச்சர் இதழில் ஆய்வு வந்துவிட்டது. மீன் குறைந்ததற்கு அளவுக்கு மீறிப் பிடித்தது எவ்வளவு காரணம், வெப்பம் எவ்வளவு காரணம் என்ற வாக்குவாதம் தனி.

பைக்காலில் சூட்டை விடக் கழிவுதான் கண்ணுக்குத் தெரிகிற கவலை. 1966 இல் தொடங்கின கடதாசி ஆலை ஒன்று 2013 வரை கரையில் இயங்கியது. 1996 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமை இடமாக்கின பிறகும் அது 17 ஆண்டு ஓடியது என்பதைக் கவனியுங்கள். இப்போது ஆலை இல்லை, ஆனால் சுற்றுலா ஊர்களில் இருந்து வருகிற மலக்கழிவால் கரையோரம் நூல்பாசி படர்கிறது, கடற்பஞ்சுகள் நோய் வந்து சாகின்றன. ஓமுல் மீனும் குறைந்துபோய் 2017 இல் வணிக மீன்பிடியை நிறுத்தினார்கள். ஏரியின் தண்ணீர் முழுதாக மாற முந்நூறு ஆண்டுக்கு மேல் எடுக்கும். உள்ளே போன அழுக்கு எப்போது வெளியேறும் என்பதை நீங்களே கணக்குப் பாருங்கள்.

பைக்காலைப் பார்க்கப் போகலாமா?

வசதி இருந்தால் போகலாம். இர்குட்ஸ்க் நகரம்தான் வாசல், அங்கிருந்து லிஸ்வியாங்கா என்ற கரையோர ஊருக்கு வாகனத்தில் ஒரு மணித்தியாலம் சொச்சம், அங்குள்ள அருங்காட்சியகத்தில் நெர்ப்பாவைத் தொட்டியில் பார்க்கலாம். ஐஸ் பார்க்க மாசி, பங்குனி. ஐஸ் வேண்டாம் என்றால் ஆடி, ஆவணி.

எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் தங்கனிக்கா மீன் வளர்க்கலாமா?

இந்த ஒரு விசயத்தில் யாழ்ப்பாணத்துக்காரருக்கு அதிர்ஷ்டம். தங்கனிக்காத் தண்ணீர் வன்மையானது, காரத்தன்மை கூடியது, பிஎச் 9க்குக் கிட்ட. வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீரும் சுண்ணாம்பு நிறைந்த வன்னீர், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான். கொழும்பில் குழாய்த் தண்ணீர் வைத்திருக்கிறவர்கள் கல்லும் பவுடரும் போட்டுத் தண்ணீரை வன்மையாக்கப் படுகிற பாடு நமக்கில்லை. ஆனால் சவர்த் தண்ணி வேறு, வன்னீர் வேறு. உப்புக் கரிக்கிற கிணறு சரிவராது. தோட்டங்களுக்கு நடுவில் உள்ள கிணறு என்றால் உரத்தால் நைத்திரேற்று கூடியிருக்கும், அதையும் சோதித்துப் பாருங்கள்.

முதல் தடவை என்றால் நத்தைக் கோதில் வாழ்கிற சின்னச் சிக்லிட்டுகளில் தொடங்குங்கள். 50 லீற்றர் தொட்டி காணும், மெல்லிய மணல் போட்டு, கடற்கரையில் பொறுக்கின சங்குக் கோதுகளை அவித்துக் கழுவிப் போட்டால் போதும், மணலைத் தோண்டித் தங்களுக்குப் பிடித்த மாதிரி எல்லாவற்றையும் மாற்றிவிடும். புரொன்டோசா என்ற தங்கனிக்காச் சிக்லிட்டை வாங்க ஆசைப்படுகிறவர்கள், அது ஓர் அடிக்கு வளரும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மறந்திருக்கலாம். கடையில் ஆபிரிக்கன் சிக்லிட் என்று மஞ்சளும் நீலமுமாக விற்பது பெரும்பாலும் மலாவி ஏரியின் மீன், அவற்றைத் தங்கனிக்கா மீனோடு ஒரே தொட்டியில் போடாதீர்கள், அடித்தே கொன்றுவிடும்.

சித்திரை, வைகாசி வெயிலில் தொட்டி 30 பாகையைத் தாண்டும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவாகத்தான் கரையும், தங்கனிக்கா மீன் மற்ற மீன்களை விட இதைத் தாங்காமல் சோர்ந்துவிடும். காற்றுப் பம்ப் இரவிலும் ஓட வேண்டும், கரண்ட் போனால் ஓடுகிற பற்றரிப் பம்ப் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். கோலோமியங்கா வளர்க்கலாமா என்று கேட்டவருக்கு: 10 பாகைக்கு மேல் அது தாங்காது, பிரிட்ஜுக்குள்தான் தொட்டி வைக்க வேண்டும்.